மணி அடித்து ஏழு நிமிஷம்

ஜனவரி 4, சனி

இந்த நோட்டு யசோதா மேடம் சொல்லி வாங்கியது. யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த எல்லாரும் எழுத வேண்டுமாம். என்ன செய்தோம், எத்தனை நேரம், உடம்பு எப்படி இருந்தது. மாதத்தின் கடைசி வகுப்பில் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போடுவார்.

"நான் படிக்க மாட்டனுங்க. எழுதியிருக்கீங்களான்னு மட்டுந்தான் பாப்பேன்" என்றார்.

நான் இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நோட்டு வாங்குகிற எவரும் படிக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. ஆகையால் பார்த்தே எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. ஈரோடு. வகுப்பு பெருந்துறை ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடையின் மேல்மாடியில், சனி ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, பன்னிரண்டு வாரம். பதினான்கு பேர். ஆண்கள் மூன்று. மூத்தவன் நான். மேடத்துக்கு முப்பத்தாறு வயது இருக்கலாம்.

சேர்ந்த காரணம்: வலது முழங்கால். ஓட முடியவில்லை. ஜூன் மாதத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு யோகா பீரியட் வருகிறது என்றும், சான்றிதழ் இருந்தால் அதை எனக்கே தருவதாகவும் எங்கள் தலைமையாசிரியர் அற்புதராஜ் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் மைதானத்துக்கு இளைஞர் ஒருவரைப் போட்டுவிட்டு, என்னை அலுவலகத்தில் பதிவேடு பார்க்க உட்கார வைப்பார்கள். அவர் அதை நல்லவிதமாகத்தான் சொன்னார். நிழலில் இருக்கலாம் என்றார். எனக்கு நிழலில் இருந்து பழக்கமில்லை.

இன்று தாடாசனம். நேராக நிற்பது. அது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

முன்வரிசையில் இடம் பிடித்தேன். பள்ளிக் கூட்டங்களிலும் எனக்கு முன்வரிசைதான் பிடிக்கும். மேடம் மிகவும் மெல்லப் பேசுகிறார். மேலே ஆறு மின்விசிறிகள், ஒவ்வொன்றும் ஒரு சத்தம். எண்ணெய் விட வேண்டும்.

ஜனவரி 8, புதன்

வீட்டில் அரை மணி நேரம். பவனமுக்தாசனம் செய்தபோது சாரதாமணி ஏதோ கேட்டிருக்கிறாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பவன் எப்படிப் பதில் சொல்வான்? அவள் என் மனைவி, தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருக்கிறாள். நாளெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பேசிப் பழகி, வீட்டிலும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

மாலை டிவி பார்க்கும்போது வந்து நின்றாள். "ஏனுங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க இனி தனியா டிவி வாங்க வேண்டியதில்லீங்க. நம்முளதே அவுங்களுக்கும் சேத்திக் கேக்குது."

குறைத்தேன்.

ஜனவரி 11, சனி

பாதஹஸ்தாசனம். குனிந்து கையால் பாதத்தைத் தொட வேண்டும். எனக்குக் கை கணுக்கால் வரை போகிறது. குனிந்தபின் தலை தொங்குகிறது, மேடத்தைப் பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் நிமிர்ந்து இரண்டு மூச்சு ஆனபின் நான் நிமிர்ந்தேன். வயது என்று நினைத்திருப்பார்கள்.

என் பக்கத்துப் பாய் ஜமீலா. முப்பது வயது. கொல்லம்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறது. நான் நிமிரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பாய் விரிக்கவில்லை. மூன்று முறை பொங்கல் சாப்பிட்டேன். உடம்பு நன்றாகவே இருந்தது.

ஜனவரி 18, சனி

இன்று எனக்கு நல்ல நாள். பாடம் எடுப்பது எப்படி என்ற பயிற்சி. வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு "வலது கை" என்று சொல்லும்போது, நாம் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரில் இருப்பவர்கள் கண்ணாடி பார்ப்பது போலச் செய்வார்கள். எல்லாரும் திணறினார்கள். ஒரு அம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நான் ஒரே தடவையில் செய்தேன். இருபத்தேழு வருடம் பையன்களுக்கு எதிரில் நின்று டிரில் எடுத்தவனுக்கு இது தூக்கத்திலும் வரும்.

மேடம் பாராட்டினார். கூடவே, "ஆனா சார், நாம மைதானத்துல இல்லீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கீழ சோபா வாங்க வந்தவங்களும் கையத் தூக்கியிருப்பாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வகுப்பு முடிவில் சவாசனம். மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அசையாமல் இருக்க வேண்டும். முடிந்ததும் மேடம் உள்ளங்கையளவு வெண்கலக் கிண்ணம் ஒன்றை மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டுவார். எல்லாரும் அதை மணி என்கிறோம். அந்தச் சத்தம் முழுசாக அடங்கியதும் வலப்பக்கம் ஒருக்களித்து எழ வேண்டும். இதுவரை யாராவது எழும்போது பாயில் அசைவு தெரியும், நானும் எழுந்துவிடுவேன். இன்று மூலையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

8.50க்குப் படுத்தேன். கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். வாலிபால் வலையை வெள்ளிக்கிழமை உள்ளே எடுத்து வைத்தார்களா என்று நினைத்தேன். பிறகு ராகி தோசை. சவாசனம் இன்று கொஞ்சம் நீளம் என்றும் நினைத்தேன். தரை லேசாக அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் பதின்மூன்று பேரும் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள், அந்த அதிர்வு.

"மணி அடிச்சு ஏழு நிமிஷம் ஆச்சுங்க சார்" என்றார் மேடம், என் அருகில் வந்து. பிறகு வகுப்பைப் பார்த்து, "இதுதாங்க சவாசனம். பன்னண்டு வருசமாச் செய்யறேன், எனக்கே இப்படி அமைஞ்சதில்ல" என்றார்.

கை தட்டினார்கள்.

நான் ஆழ்ந்து போயிருந்தேன் என்று மேடம் சொல்கிறார். இருக்கலாம்.

ஜனவரி 25, சனி

ஜமீலா கேட்டது: "எப்படிங்க சார் அப்படிப் போறீங்க? நான் படுத்தா கடை ஸ்டாக்குதான் ஞாபகம் வருது."

கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்த வேண்டும் என்று சொன்னேன். மேடம் சொன்னதைத்தான் சொன்னேன். ஜமீலா அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டது.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பள்ளியில் கொடியேற்றிவிட்டு எட்டு மணிக்கு வகுப்புக்குப் போனேன். நோட்டில் கையெழுத்து வாங்கினேன். மேடம் எல்லாப் பக்கங்களின் கீழும் வேகமாகப் போட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு என்னை எழுப்பி, சவாசனம் பற்றி வகுப்புக்கு ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். பேசினேன். வாஷர் பற்றியும் ராகி தோசை பற்றியும் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

சட்டை முதுகு முழுக்க நனையாமல் மாடிப்படி ஏறினேன். முழங்கால் பரவாயில்லை. காலையில் வயிறும் ஒழுங்கு. சாரதாமணி, "மொகம் தெளிவாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பிராமரி பிராணாயாமம். இரு கட்டைவிரலால் காதுகளை அடைத்துக்கொண்டு வண்டு போல் ம் என்று ஒலி எழுப்ப வேண்டும். தலைக்குள் ஒரு கோயில் மண்டபமே அதிர்ந்தது. பத்துச் சுற்று செய்தோம். முடிந்தபின் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்து, வெளிச்சத்தம் ஒன்றுமே கேட்கவில்லை என்று வியந்து பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதில் நானும் அவர்களும் ஒன்று.

பிப்ரவரி 8, சனி

சவாசனத்தின்போது கண்ணை ஒரு நூலளவு திறந்து வைத்து, ஜமீலாவின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அசைந்ததும் எழுந்தேன். சரியாக இருந்தது.

மேடம் அருகில் வந்து குனிந்தார். "கண்ண மூடுங்க சார். உங்களுக்குச் சொல்லணுமா?"

பிப்ரவரி 12, புதன்

தலைமையாசிரியர் கைப்பேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார்: "சான்றிதழ் ஏப்ரலில் வந்துவிடுமா? கால அட்டவணை போட வேண்டும்." வந்துவிடும் என்று எழுதினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை நான் இருபது நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். மேடமும் படுத்துச் செய்வாராம். கொல்லையில் நின்று சொல்லிப் பார்த்தேன். சாரதாமணி துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "வலது காலுங்கறீங்க, எடது காலத் தூக்கறீங்க."

"அது அப்படித்தான்."

"கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான் வெச்சீங்க" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இது முழுசாகக் கிடைத்தது.

பிப்ரவரி 22, சனி

பாடம் எடுத்தேன். இருபது நிமிடம் பத்து விநாடி. நின்று செய்யும் ஆசனம் மூன்று, மல்லாந்து செய்வது இரண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஜன்னல் பக்கம் ஒரு அம்மாவுக்கு இடுப்பு உயரவில்லை, மடித்த துண்டு வைத்துச் சரிசெய்தேன். நானே எனக்கு எண்பது மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

பாடம் எடுத்தவருக்கு மற்றவர்கள் பெயர் போடாமல் துண்டுத்தாளில் கருத்து எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். பதின்மூன்று தாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். பதினொன்றில் நன்று, தெளிவு, கம்பீரம் என்று இருந்தது. ஒன்றில் ஒரு பூ வரைந்திருந்தது.

ஒன்றில் எழுதியிருந்தது: "கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சார் என்று மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. மேடம் எழுந்து வந்து காலை நீவிவிட்டார்கள்."

அதைப் பன்னிரண்டு தாள்களுக்கும் அடியில் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் மேலே வைத்தேன்.

நான் ஜன்னல் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி நின்றிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருவருக்குக் கால் பிடித்து, மேடம் எழுந்து வந்து, போய்ப் படுத்தும் விட்டிருக்கிறார். நான் எண்பது போட்டிருக்கிறேன். அது பள்ளிக்கூடமாக இருந்து, கீழே கிடப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்திருந்தால்?

மேடம், நாளை இந்த நோட்டு உங்கள் கைக்கு வரும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நாலைந்து வருடமாக இப்படி. மின்விசிறியில் குற்றம் இல்லை. ஜனவரி 19 அன்று நான் எந்த ஆழத்துக்கும் போகவில்லை. மணி எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கைதட்டலை வாங்கிக்கொண்டேன். மன்னிக்கவும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நோட்டைக் கொடுத்தேன். நேற்றைய பக்கம் தெரியும்படி திறந்தே கொடுத்தேன்.

மேடம் ஜமீலாவிடம் ஏதோ பேசியபடியே, பக்கங்களின் கீழ் மூலையை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். நேற்றைய பக்கத்திலும் போட்டார். மூடிக் கொடுத்துவிட்டார்.

படிக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். உண்மையிலேயே படிக்கவில்லை.

மூன்று மணி நேரம் ஆசனம் செய்தேன். எதுவும் ஓடவில்லை. எல்லாரும் போனபின் பாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன்.

"சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

சொன்னேன். எழுதியிருந்த அதே வரிசையில் சொன்னேன், வாஷர், ராகி தோசை உட்பட. அவர் நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேட்ச்சுக்கு உங்களப் பத்திச் சொல்லி வெச்சிருக்கனுங்களே சார். அம்பத்தி நாலு வயசு, ஏழு நிமிஷம், அசையவே இல்லைன்னு."

"மன்னிக்கோணுங்க."

"அது போச்சாதுங்க. நான் சிரிச்சுட்டுப் போயிருவேன்." பிறகு குரலை உயர்த்தாமல், உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்: "ஆனா பாடம் எடுக்கறவங்கள ஒருத்தர் கூப்பிட்டா அது காதுல விழுகோணும். அது இல்லாம நான் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு மாசம் இருக்குது. காதப் பாத்துட்டு வாங்க."

"மிஷின் வெச்சா பசங்க பட்டப்பேர் வெப்பாங்க மேடம்."

"இப்ப உங்களுக்குப் பட்டப்பேரே இல்லீங்களா?"

இருக்கிறது. அது உங்களுக்கு எதற்கு என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சாரதாமணியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து தந்தாள். காது பரிசோதனை நிலையம் ஒன்றின் விலாசம், நேரம், என் பெயர். போன ஆகஸ்ட் மாதத்துத் தேதி.

"ஏன் கொடுக்கல?"

"கொடுத்தனுங்க. டேபிள் மேல வெச்சேன். அதுமேல காபி டம்ளர வெச்சீங்க." சீட்டில் வட்டமாகக் கறை இருந்தது.

மார்ச் 3, திங்கள்

பரிசோதனை. சின்ன அறை, தடித்த கதவு. காதில் சத்தம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். சில நேரம் வராமலே அமுக்கினேன். அந்தப் பெண் கண்டுபிடித்து, "பரிச்சை இல்லீங்க சார்" என்றாள்.

வரைபடத்தில் கோடு இடமிருந்து நேராக வந்து, பாதியில் படிக்கட்டு இறங்குவது போல இறங்குகிறது. "தடிச்ச சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதுங்க. மெல்லிசா வர்றதுதான் விழுந்துருச்சு. வயசும் இருக்கும். வருசக்கணக்கா ஏதாச்சும் சத்தத்துல வேலை பாத்தீங்களா?"

சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

சாரதாமணி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். "என்ற குரலு எங்கீங்க இருக்குது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் படிக்கட்டின் பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

வாய்க்குள் பேசுகிறாள் என்று இந்த நோட்டில் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. காதுக்குப் பின்னால் அவரைக் கொட்டை அளவு. வெளியே வந்ததும் ரோடு தலைமேல் ஏறியது. வீட்டில் ஃபிரிட்ஜ் பேசுகிறது. என் சட்டையே சத்தம் போடுகிறது. தாளிக்கும்போது கடுகு ஒவ்வொன்றாக வெடித்தது. அடுப்படி வாசலில் நின்று அது முடியும்வரை கேட்டேன்.

"இனி நான் மொனகறதும் கேக்குமுங்களா?" என்றாள் சாரதாமணி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"கேக்கும்."

"அப்பப் பாத்துத்தான் மொனகோணும்."

மார்ச் 17, திங்கள்

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் புதுப் பட்டப்பெயர் வைத்தாயிற்று: புளூடூத். பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. அவர்கள் அதைக் கிசுகிசுத்தபோது இருபதடி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேருக்கு முகம் வெளுத்தது.

மார்ச் 20, வியாழன்

சாரதாமணி இந்த வாரம் முழுக்கத் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைக்கவில்லை. நாலைந்து வருடமாக வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அது தூசி ஒவ்வாமை என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மேடம் ஊருக்குப் போயிருப்பதால் இரண்டு நாளும் வகுப்பு இல்லை. போன வாரமும் எழுத்துத் தேர்வோடு சரி. மிஷின் வைத்தபின் பாய் விரித்துப் படுக்க வாய்ப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார்.

மார்ச் 30, ஞாயிறு

தேர்வாளர் கோபியிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசவில்லை. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். என் எதிரில் பத்துப் பேரை மாணவர்களாக நிறுத்தினார்கள்.

ஒன்பதாவது நிமிடத்தில், திரிகோணாசனத்தில் ஓர் அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூலையிலிருந்து யாரோ "சார்" என்றார்கள். ஒரே முறை, அதுவும் மூச்சோடு. திரும்பினேன். ஜமீலாதான். கால் எதுவும் பிடிக்கவில்லை. நன்றாகவே நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா?"

"ஒன்னுமில்லீங்க சார். சும்மா" என்றது.

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். முடிந்தபின் அந்தத் துண்டுத்தாள் யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஜமீலாவும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குத் தேர்வாளர் முடிவைப் படித்தார். பதினான்கு பேரும் தேறிவிட்டோம். மேடம் என் தாளில் மற்ற எல்லாருக்கும் போட்டதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியருக்கு வாட்ஸப் அனுப்பவில்லை. அழைத்தேன். அவர் பதறிப்போய், "என்னாச்சு சார்?" என்றார்.

கடைசியாக எல்லாருக்கும் சேர்த்து ஒரு சவாசனம் என்றார் மேடம். விருப்பம் இருந்தால் மிஷினைக் கழற்றி வைக்கலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கழற்றவில்லை.

படுத்தேன். மின்விசிறிகள் சத்தம் போடத்தான் செய்கின்றன, ஆறில் இரண்டு. கீழே கடையில் யாரோ கட்டிலை நகர்த்தினார்கள். பக்கத்துப் பாயில் மூச்சு வந்து போனது. அற்புதராஜ் சொன்ன கால அட்டவணை கொஞ்ச நேரம் ஞாபகத்தில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

மணி அடித்தார்.

அது ஒரு தட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தட்டு அல்ல. ஆரம்பத்தில் கம்பி போல ஒன்று வந்தது, அதற்குள்ளிருந்து இன்னொன்று, அதைவிட மெல்லியது. அது தேய்ந்துகொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்துக்குப் பிறகும் இருந்தது. சத்தம் முழுசாக அடங்கியபின்தான் எழ வேண்டும் என்பது விதி. நான் விதிப்படி கிடந்தேன். அது அடங்கியதும் வலப்பக்கம் ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தேன்.

எல்லாரும் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஜமீலா தன் காதைத் தொட்டு, வேலை செய்கிறதா என்று சைகையால் கேட்டது.

மேடத்தின் கையில் கிண்ணம் இருந்தது. "மணி அடிச்சு எத்தன நேரமாச்சுங்க மேடம்?" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னும் ஆகலீங்க சார். இப்பத்தான் நின்னுது."